செம்பருந்தின் புது உடுப்பு

முந்தி அவனுக்குச் சிவப்புத் துணி.
கழுத்தில் முடிச்சு, முதுகில் காற்று,
கால்சட்டைக்கு மேலே ஜட்டி.
அதைப் பற்றி அன்றைக்கு யாரும் கேட்கவில்லை.
மலிவுத் தாள். சிவப்பு எப்போதும் கோடு தாண்டி
வில்லன் மூக்கிலும் கொஞ்சம் ஒட்டியிருக்கும்.

இப்போது புதுப்படம்.
கோலக் கெட்டிலில் தியேட்டர் இல்லை.
அண்ணன் குணாளன் தன் மோட்டார் பட்டறையின்
இழுப்புக் கதவை இறக்கிவிட்டு
பெற்றோர் சங்கத்தில் இரவல் வாங்கிய புரொஜெக்டரை
டயர் அடுக்கின் மேல் வைத்தான்.
கதவு வரிவரியாக இருந்ததால்
செம்பருந்தின் முகமும் வரிவரியாக வந்தது,
நெற்றி ஒரு மடிப்பில், வாய் வேறொன்றில்.
பதினேழு பேர், இரண்டு கொசுவத்தி.
செம்பனை லாரி ஓட்டும் தவசி
முன்வரிசையில், கவிழ்த்த வாளி மேல்.

முதல் நாற்பது நிமிஷம் அவன் பறக்கவே இல்லை.
டாக்டரிடம் போகிறான். தூக்கம் வரவில்லை என்கிறான்.
அப்பாவுக்கு இத்தனை சொத்து எப்படி வந்தது என்று
பழைய கணக்குப் புத்தகங்களைப் புரட்டுகிறான்.
ஏதோ வெயில் நாட்டில் ஏதோ மரங்களாம்.
ஒரு நொடி காட்டினார்கள்.
தவசி எழுந்தேவிட்டான்: "டேய், பால்மரம்டா!"
அவன் உட்காருவதற்குள் மரங்கள் போய்விட்டன.

"பறடா," என்றான் அண்ணன். மெதுவாகத்தான்.

எனக்கோ உடுப்பின் மேலேயே கண்.
துணி போய் ரப்பர் வந்திருக்கிறது,
மழையில் நனைந்த தார்ச்சாலை மாதிரி கறுப்பு.
பதினோரு வருஷமாகக் கையுறை ஆலையில்
ஓட்டை பார்க்கிறவள் நான்.
காற்றூதி, தண்ணீர் நிரப்பி, விளக்கில் பிடித்து,
ஊசிமுனை இருந்தாலும் விரல் சொல்லிவிடும்.
அவன் தோள் மடிப்பில், கக்கத்தில், முழங்காலின் பின்புறத்தில்
தேடிக்கொண்டே இருந்தேன்.
பக்கத்தில் ஒரு நகரம் இடிந்துகொண்டிருந்தது,
கவனிக்கவில்லை.
முதல்தரச் சரக்கு.
உள்ளே வேர்க்குமே, பாவம்.

குணாளனுக்கு அப்போது ஒன்பது வயது.
அம்மாவின் கூறைச்சேலை சிவப்பு.
பால் ஸ்டோர் கூரையிலிருந்து அவன் குதித்தபோது
கீழே நின்றது நான்.
"வில்லன்னு ஒருத்தர் வேணும்ல" என்று நிறுத்தியிருந்தான்.
இடது கால், மூன்று இடத்தில்.
சீட்டில் ரத்தம் படும் என்று கிராணி காரை எடுக்கவில்லை.
பால் லாரியில் போனோம்.
சேலையை அம்மா ஊறவைத்தாள், துவைத்தாள்,
கொடியில் போட்டாள்,
அதற்கப்புறம் கட்டவில்லை.

படத்தில் கோபுரம் வந்தது.
செம்பருந்து விளிம்பில் நின்றான், நடுங்கினான்,
குதித்தான்.
சத்தத்தை முழுக்க நிறுத்திவிட்டார்கள்.
பறக்கவில்லை. விழுந்தான்.
கைகள் பின்பக்கமாகச் சுழன்று
இல்லாத ஒன்றைத் தேடின.

அண்ணன் எழுந்து நொண்டிப் போய்
படத்தை நிறுத்தினான். பின்னால் ஓட்டினான்.
மறுபடி விழவைத்தான். மறுபடியும்.
பதினேழு பேரில் ஒருவரும் வாய் திறக்கவில்லை.
"கையப் பாரு," என்றான்.
"புஸ்தகத்துல இடுப்புல வச்சிருப்பான்.
இத எழுதினவனோ எடுத்தவனோ
எவனோ ஒருத்தன்
நெசமாவே விழுந்திருக்கான்."

கடைசியில் செம்பருந்து பறந்தான், நான் பார்த்தேன்.
அண்ணன் பார்க்கவில்லை.
தவசியின் லாரி திரும்ப இடம் வேண்டுமென்று
வாளிகளை நகர்த்திக்கொண்டிருந்தான்.

பெயர்கள் ஓடும்போதே கதவைத் தூக்கிவிட்டான்.
அவை நேராகப் பட்டறைக்குள் போய்
கழற்றிப் போட்ட எஞ்சின்கள் மேல் ஊர்ந்தன.
உடுப்புப் பிரிவில் முப்பத்தொரு பேர்.
ஒரு பெயர் யமாஹா சீட்டின் கிழிசலில் ஏறி
வாசிக்குமுன் நழுவியது.